சிவப்பு விளக்கு எரிந்த செட்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். அன்று அடித்த காற்றில் செல்வத்தின் படகு மட்டும் திரும்பவில்லை. கடைசியாகக் கரை சேர்ந்தவர், "பேசுற பட்டனை அமுக்குனா செவப்பு லைட்டு எரியுதுன்னு, படகு பக்கத்துல வந்தப்ப கத்துனான்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. செட்டுக்குள் அலைவரிசையை உண்டாக்கும் சுற்று தானாக விலகிக்கொண்டே இருக்கும். நிலையாகத் துடிக்கும் கிரிஸ்டலோடு ஓயாமல் ஒப்பிட்டு, அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிக்குப் பெயர் ஃபேஸ் லாக். அது நழுவினால் சிவப்பு விளக்கு எரியும்; மற்றவர்கள் பேச்சைக் கெடுக்காதிருக்க செட் தன் வாயை மூடிக்கொள்ளும்.

"அவருக்குக் கேக்குமா அண்ணே?" என்றாள் என் கடைக்கு ஓடி வந்த செல்வத்தின் மனைவி கலா.

"கேக்கலாம்மா. பேசத்தான் முடியாது."

கடலில் இருக்கும் செட்டைக் கரையிலிருந்து நான் என்ன செய்ய?

எல்லாப் படகுக்கும் கேட்கும் என்பதால் எங்கள் பெண்கள் வயர்லெஸில் பேசுவதில்லை. அன்று கலா என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுங்க. இட்லி சாப்புட்டா. நீங்க பயப்படாதீங்க." ஒவ்வொன்றுக்கும் பின் பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். இரைச்சல்தான் வந்தது.

மறுநாள் செல்வம் கரைக்கு வந்தான். பட்டனை அமுக்கி அமுக்கிப் பெருவிரல் வீங்கியிருந்தது.

"நீ சொன்னதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டேதான்டி இருந்தேன்" என்றான்.

இப்போதும் ஒரு செட்டில் வெறும் இரைச்சல் வந்தால், என்னால் அதை உடனே அணைக்க முடிவதில்லை.