கம்பமும் கதவும்

பாம்பாஸ் சமவெளியில் மரம் கிடையாது. ஆகையால் புது நிலத்தில் மாடு வளர்ப்பவன் முதலில் நடுவது ஒரு கம்பத்தை. முதுகை உராய்ந்துகொள்ள ஏதுமில்லாத மண்ணில் மாடு தங்காது. பழைய மேய்ச்சலை நோக்கித் திரும்பிவிடும்.

இதை இலாரியோன் பைஸ் நன்கறிவார். எல்லைக் கோட்டையில் ஒன்பது ஆண்டுகள் சிப்பாயாக உழைத்து, கார்ப்பரலாக விடுபட்டு, சேவைக்கு ஈடாகப் பெற்ற நிலத்தில் 1871-ஆம் ஆண்டு குடியேறினார். உடன் வந்தவை அறுபது மாடுகள். உடன் வந்தவள் மனைவி பிரிஜிதா. மண்சுவர், நாணல் கூரை, வாசலில் மாட்டுத்தோல் என்று வீடு பத்தே நாளில் எழும்பியது. கோட்டை நாளிலிருந்தே பழகிய வண்டிக்காரர் குஸ்தோதியோ வடக்கிலிருந்து கொண்டுவந்த வன்மரமோ ஒன்றே ஒன்று.

"கார்ப்பரல், அதை அறுத்துக் கதவு போட்ரு" என்றாள் பிரிஜிதா. "ஏழு வருஷம் கோட்டையில தோலுக்குப் பின்னாடியே உன்னோட குடும்பம் நடத்தியாச்சு. காத்தும் உள்ள வருது, நாயும் உள்ள வருது. ஒருத்தராச்சும் தட்டிட்டு வரட்டுமே."

"இங்க யாருடி தட்டப்போறா? வர்றவன் குதிரை மேலருந்தே 'ஆவே மரியா'ன்னு கத்துவான்."

"தட்ட ஒண்ணு இருந்தாத்தானே தட்டுவான்!"

"மாடு போயிட்டா கதவையா கடிச்சுத் தின்னுவே? அடுத்த மரம் உனக்குத்தான், போ."

மரம் கம்பமாயிற்று, மாடுகளும் தங்கின. மறு ஆண்டு இரண்டாம் மரம் வந்தபோது மந்தை பெருகி, ஒரே கம்பத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தது. பிரிஜிதா ஓடைக்குத் துவைக்கப் போயிருந்த வேளையில் இலாரியோன் அதையும் நட்டுவிட்டார். ஈரத்துணியோடு திரும்பியவள் கம்பத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்க்கவில்லை.

"குஸ்தோதியோ, அசூல் வரைக்கும் வண்டியில எடம் இருக்கா? தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

விலகிய மாட்டைப் போல அவளும் தானே திரும்புவாள் என்று இலாரியோன் எண்ணினார். அசூலுக்கு நான்கு நாள் பயணம். அதுவரை மந்தையை யார் வளைத்துக் கட்டுவது? இப்படியே பதினோரு ஆண்டுகள் கழிந்தன. மாத்தே பானத்தைத் தாமே ஊற்றித் தாமே பருகுவார். ஆனாலும் எதிரே அவள் இருக்கையாக்கி அமர்ந்த மாட்டு மண்டையோட்டைப் பார்த்து, அவள் தன் முறைக்குப் பருகும் நேரத்தை விட்ட பிறகே மறுபடி ஊற்றுவார்.

பன்னிரண்டாம் குளிர்காலத்தில் காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தார். தோலைத் தள்ளிக்கொண்டு ஒரு கன்று உள்ளே வந்து, அவரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு யாரும் வரவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் முதல் கம்பத்தைத் தோண்டினார். மாடுகள் உராய்ந்து உராய்ந்து அது இடை மெலிந்து, ஒரு கதவுக்குப் பற்றாமையால் மற்றதையும் பிடுங்க நேர்ந்தது.

ரம்பம் இரவல் தந்த குஸ்தோதியோ பதறினார். "தோன் இலாரியோன், காய்ச்சல் இன்னும் எறங்கலையா? மாடு பூரா போயிடுமே!"

"போகட்டும். அசூல்ல அவகிட்ட சொல்லிடு, கதவு போட்டாச்சுன்னு."

இரண்டு மாதம் கழித்து, புதுக் கதவின் எதிரே குதிரை நின்றது.

"ஆவே மரியா!"

"எறங்கு. என்ன சொன்னா?"

குஸ்தோதியோ இறங்கித் தொப்பியைக் கழற்றினார். "அவங்க அங்க இல்ல, தோன். ஒரு ரொட்டிக்கடைக் குடும்பத்தோட பியூனஸ் அயர்ஸ் போயி ரெண்டு வருஷமாச்சாம். எந்தத் தெருன்னு தங்கச்சிக்கே தெரியல."

இலாரியோன் கதவைத் தடவினார். "வேலை எப்படி?"

"கொஞ்சம் சாயுது. கோட்டையிலயும் நீங்க நேரா நின்னதில்லையே." குஸ்தோதியோ கதவை நோக்கிக் கையை உயர்த்தினார். "ஒரு தடவ தட்டிப் பாக்கட்டா?"

"நீ தட்டாதே."

மந்தையில் பாதி அண்டை நிலத்துக் கம்பத்தை நாடிப் போய்விட்டது. முதல் அறுபதில் கன்றாக வந்த கிழட்டுப் பசு மட்டும், இத்தனை ஆண்டுகள் தான் உராய்ந்த மரத்தை வாசலில் கண்டுகொண்டது. காலைதோறும் அது வந்து கதவில் முதுகைத் தேய்க்கும். தடதடவென்று கதவு அதிரும்.

முதல் நாள் இலாரியோன் செருப்பின்றி ஓடித் திறந்தார். பிற்பாடு ஓடவில்லை. ஆயினும் கதவு அதிரும்போதெல்லாம் மாத்தேயைக் கீழே வைத்து, "யாரது?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய்த் திறப்பார்.