பரளச்சிக் கண்மாயில் ஒரு விரால்

காலை ஆறு மணிக்கு நானும் பத்து வயது மகள் மதியும் அருப்புக்கோட்டையில் ரயிலைவிட்டு இறங்கினோம். எண்ணூர்க்காரன் மீன் பிடிக்கக் கரிசல் காட்டுக்கு வந்திருக்கிறான் என்றால் யாரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கடலோடு சேரும் உப்பங்கழி இருக்கிறது. அதில் வலை வீசித்தான் அப்பா என்னை வளர்த்தார். மதி கைக்குழந்தையாக இருந்தபோது, ஆலைக் கழிவால் கழியின் சேற்றிலும் மீனிலும் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதாகச் சோதித்துச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கொடுக்க முடியாத மீனை ஊருக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். நான் மீன் பிடித்து அவள் பார்த்ததே இல்லை.

எங்களை அழைத்தவன் வீரசோழன் ஊர்க்காரன் காதர். முன்பு என் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்தவன். பரளச்சிக் கண்மாயில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றிவிட்டது, ஊரே இறங்கி மீன் பிடிக்கப் போகிறது என்று போனில் சொல்லியிருந்தான்.

பஸ் நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு பரளச்சி பஸ் ஏறினோம். வழி நெடுகப் பருத்தி எடுத்து முடிந்த காடுகள், நடுநடுவே கருவேல மரங்கள். எங்கே போகிறோம் என்று கேட்ட கண்டக்டர், "ஊத்தா இல்லாமலா மீன் பிடிக்க வாரீக?" என்றார்.

ஊத்தாவைக் காதர் கண்மாய்க் கரைக்குக் கொண்டுவந்திருந்தான். மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவனிடம் கேட்டேன்.

"மேல ஆலை ஒண்ணும் கெடையாது மாப்ள. மழைத்தண்ணி மட்டுந்தேன்."

எட்டு மணிக்குக் கரையில் நின்ற ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். கூட்டம் மொத்தமும் இறங்கியது. எனக்குக் கூடை பழக்கமில்லை. அழுத்திய இடமெல்லாம் வெறும் சேறு. அக்கம்பக்கத்தில் கெண்டையும் கெளுத்தியுமாகப் பைகள் நிறைந்தன. கரையில் மதி மற்றவர்களின் பைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு ஏறிவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது.

கூடையைக் காதரிடம் கொடுத்துவிட்டேன். சிறுவயதில் கழியில் இறால் தடவிப் பிடித்தது போல முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அடியில் பரப்பினேன். எங்கள் கழிச் சேறு கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும்; கழுவினாலும் நாற்றம் போகாது. இங்கே மண்வாசனை மட்டுமே. கோரை வேரடியில் ஏதோ வழுக்கியது. செவுளோடு சேர்த்து அமுக்கித் தூக்கினேன். முழங்கை நீள விரால்.

மதி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். வால் அடித்த சேறு அவள் முகமெல்லாம் தெறித்தது. துடைத்துக்கொள்ளவில்லை, மீனைத் தான்தான் தூக்கிவருவேன் என்றாள்.

மதியம் வீரசோழனில், காதரின் மனைவி சுலைஹா புளி ஊற்றிக் குழம்பு வைத்திருந்தார். சோற்றில் கை வைத்த மதி என்னைப் பார்த்தாள்.

"இத சாப்டலாமாப்பா?"

"சாப்டும்மா" என்றேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் என் சோறு ஆறிப்போயிருந்தது.

"அடுத்த வருசமும் வாங்கண்ணே. மழை பேஞ்சாத்தேன் மீனு" என்று சுலைஹா வழியனுப்பினார்.

எண்ணூரில் பலத்த மழை என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். மேகம் கறுத்தாலே சாமான்களைக் கட்டிலில் ஏற்றுவோம். ஊர் திரும்பும் ரயிலில் மதி என் மடியில் தூங்கினாள். வாழ்நாளில் முதல்முறையாக, நல்ல மழை பெய்ய வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன்.