எலுமிச்சைத் தண்ணியில் ஷாப்ளி

வைன் பரிமாறப் படிப்பதில் ஒரே ஒரு கஷ்டம்தான்: வைன் கிடையாது. கேட்டரிங் படிக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்க நமக்கு வயசு வரவில்லை, கல்லூரிக்குள் பாட்டில் வரவும் வழியில்லை. ஆனால் பிரான்ஸின் குளிர்ப் பிரதேசத்துத் திராட்சைகள் மட்டும் பரீட்சைக்குத் தவறாமல் வந்துவிடும். அருப்புக்கோட்டையில் எங்கள் கல்லூரியில் எனக்கென்று ஒரு உத்தியோகம் இருந்தது: பொய்க் கஸ்டமர். யார் குரலாக இருந்தாலும் அப்படியே பேசிக் காட்டுவேன் என்பதால், பரிமாறப் பழகுகிறவர்கள் எதிரில் செல்வி மேடம் என்னை உட்கார வைத்துவிடுவார்.

வெயில் பத்தாத ஊர்

மேடம் வரைபடத்தை விரித்தார். ஷாம்பெய்ன், அல்சாஸ், பர்கண்டி, லுவார் ஆற்றங்கரை. அங்கே வெயில் குறைச்சல், பழம் நிதானமாகப் பழுக்கும், அதனால் புளிப்பு ஓடிப்போகாமல் நிற்கும், அந்தப் புளிப்புதான் அழகே என்று கண்ணை மூடிச் சொன்னார். கொஞ்சம் கூடுதலாக வெயில் படட்டும் என்று சரிவுகளில் சூரியனைப் பார்த்துக் கொடி வைப்பார்களாம். எங்கள் தலைக்கு மேல் ஃபேன் அனலை இறைத்துக்கொண்டிருந்தது. பாலவனத்தம் முத்துமாரி, வீட்டில் மிளகாய் விவசாயம், கையைத் தூக்கினாள்.

"நம்ம வெயிலுல பாதிய லோடு ஏத்தி அனுப்பிவிட்டா, அவுக பதிலுக்கு என்ன மேடம் குடுப்பாக?"

மூடி போட்ட கிளாஸ்

குடிக்கத்தானே கூடாது, மோந்து பார்க்கலாம் என்று மேடம் ஒருநாள் கிளாஸ்களை மூடி வரிசையாக வைத்தார். ஷாப்ளிக்கு, அதாவது சுண்ணாம்பு மண்ணில் விளைந்த ஷார்டனேக்கு, ஒன்றோடொன்று உரசிய கல். சோவினியோன் பிளாங்குக்கு அப்போதுதான் அறுத்த புல். பினோ நுவாருக்கு மழையில் நனைந்த சருகு. மழைக்கு எங்கே போவது, நான்தான் வாளியோடு மழையாக வந்தேன்.

கடைசி கிளாஸ் ரீஸ்லிங். வயதான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாசம் வரும், அதற்கென்றே தேடி வாங்குகிறவர்கள் உண்டு என்று சொல்லி, பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்திருந்தார். என் பெஞ்சுக்காரன் மல்லாங்கிணறு பாண்டி மோந்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான்.

"இத வாங்கப் போறப்ப ரேசன் கார்டு கொண்டு போகணுமா மேடம்?"

அறை வெப்பம்

பாண்டிக்குக் கப்பல் வேலை மேல் உயிர். ஆனால் கோட் போட்டவர்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன நேர்காணல்கள் எல்லாம் அப்படியே போயின. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மாமா லாரியில் கிளீனர்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மேடம் கஸ்டமராக உட்கார்ந்தாலே நாப்கினைப் பிசைவான். என்னிடம் மட்டும் சிங்கம்.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடுக்கவும் என்றது புத்தகம். எங்கள் அறை வெப்பத்தில் டீயே போடலாம். அதனால் ஷாப்ளிக்கு எலுமிச்சைத் தண்ணி மாதிரி, நன்னாரி சர்பத்தை ஐஸில் வைத்து, பினோ நுவார் என்று என் முன்னால் கொஞ்சம் ஊற்றினான். ஆர்டர் கொடுத்தவர் ருசி பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். நான் ஆட்டவில்லை. மில் முதலாளிக் குரலில், காரமே இல்லை, மிளகாய்த்தூள் தூவி எடுத்து வரச் சொன்னேன்.

"தாராளமா சார். ஆனா இந்தத் திராட்சைக்குத் தோலு ரொம்ப மெல்லிசு, மனசும் அப்படித்தான். அழுதுச்சுன்னா நீங்கதான் சமாதானம் பண்ணணும்."

யாருடைய குரல்

கப்பல் கம்பெனி நேர்காணல் போனில் வரும் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. காலையில் சென்னை அதிகாரி, மத்தியானம் பிரெஞ்சுக் கேப்டன், சாயங்காலம் கேப்டனின் மனைவி, ஒவ்வொருவருக்கும் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு புது நம்பர் என்று பாண்டிக்குப் போன் போட்டேன். பாண்டி முதலில் எழுந்து நின்று பதில் சொன்னான். அப்புறம் குரலைக் கேட்டதுமே வைய ஆரம்பித்தான்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. நான் வடை வாங்க உள்ளே போனபோது அவன் போன் அடித்திருக்கிறது. சென்னைக் குரல் ஒன்று, ரீஸ்லிங்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்றிருக்கிறது. உள்ளேயிருந்து நான்தான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் வெளியே வரும்போது பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தான்.

"ஏலே, கேட்டுக்கோ. முதல்ல எலுமிச்சை, அப்புறம் கல்லு, வயசானா மண்ணெண்ணெ. நாக்கு ஓரத்துல புளிப்பு சுருக்குனு ஏறும், ஆனா போதும்னு சொல்லாது, இன்னொரு வாய் கேக்கும். மீனுக்கு வையி, காரக் கொழம்புக்கும் வையி."

நான் எதிரில் போய் நின்றேன். பாண்டி என் வாயைப் பார்த்தான். அது வடை தின்றுகொண்டிருந்தது. போனைப் பார்த்தான். எழுந்து நின்றான். "யெஸ் சார்" மட்டும் வந்தது.

ஸ்பீக்கரை நான்தான் தட்டிவிட்டேன். இதெல்லாம் குடித்துப் பார்த்துச் சொல்கிறீர்களா என்றார் அவர். ஒரு சொட்டுகூட இல்லை, மோந்ததுதான், அதுவும் மண்ணெண்ணெயை என்று பாண்டி உண்மையைச் சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் சிரிப்பு.

"எடுத்துக்கிட்டோம் தம்பி. குடிக்காமலே இவ்வளவு சொல்ற ஆள் இருந்தா கப்பல்ல பாட்டில் குறையாது. பயணிகளை மட்டும் ஏலேன்னு கூப்பிட்டுடாதீங்க."

இப்போது பாண்டி நடுக்கடலில் நிஜமான ஷாப்ளியை ஊற்றிக்கொண்டிருக்கிறான், நான் என் சொந்தக் குரலில் போன் பண்ணினாலும் எழுந்து நின்று "யெஸ் சார்" என்கிறான்.