கையால் எடை பார்த்த எஸ்எம்பிஎஸ்

ரேணுகாம்பாளுக்கு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட் பவர் கணக்கில் நம்பிக்கை கிடையாது. செங்கம் ரோட்டில் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர். கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் அலுமினியமும் தாராளமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. "ஸ்டிக்கர்ல எத வேணா அச்சடிப்பானுங்க" என்பார்.

2008இல், லாட்ஜ் நடத்தும் இளஞ்செழியன் கேம் ஆட ஒரு மிஷின் கேட்டார். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, வேகத்தையும் அளவுக்கு மேல் முடுக்கிவிட வேண்டும்; கரண்டை நிறைய இழுக்கும். ரேணுகாம்பாள் இரண்டு எஸ்எம்பிஎஸ்களைத் தூக்கிப் பார்த்தார். விலை ஜாஸ்தியானது லேசாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கனமானதைப் பூட்டினார்.

கேம் ஓடிய பத்தாவது நிமிஷம் மிஷின் அணைந்தது. மூன்று தடவை போட்டும் அதே கதை.

ஆத்திரத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச சாமானுக்குப் பக்கத்தில், பசை போட்டு ஒட்டிய இரும்புக் கட்டி ஒன்று இருந்தது.

விற்ற டீலருக்குப் போன் போட்டார்.

"சீலை உடைச்சிட்டீங்களே மேடம், வாரண்டி போச்சே" என்றான் அவன்.

"இரும்புக் கட்டிக்கு எதுக்குய்யா வாரண்டி? அது என்ன கெட்டா போயிடும்?"