எட்டு அணிக்குச் சோறு

என் வீட்டுக்காரர் மர ஆலையில் பலகை அறுப்பவர், மாலையானால் கோல்கீப்பர். தீவுகளுக்கிடையே ஆண்டுக்கொரு முறை நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு லாரியிலோ படகிலோ போய் வந்து, தான் பாய்ந்து பிடித்த கதையை ஒரு வாரம் சொல்வார். சொல்லச் சொல்லப் பந்து இன்னும் ஓரடி உயரத்தில் வரும். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் அவர் ஒரு பந்தைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பெண்களை யார் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்? ஒரு தடவையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அந்த வருஷப் போட்டியை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று பார்க்க மூன்று பேர் கமிட்டி கிளம்பியது. டெய்ரி ஃபார்ம் ஊர்க்காரர்கள் சமதளமான மைதானத்தைக் காட்டினார்கள். ஹேவ்லாக் தீவுக்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து, தினமும் புது மீன் என்று சத்தியம் செய்தார்கள். எங்கள் ஊர் புரோத்ராபூரில் இருந்ததோ அறுவடை முடிந்த வயல். தாள் காலைக் குத்தும். எங்கள் ஆண்கள் வாய்ப்பந்தல் போடத் தயாரானார்கள்.

நான் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டினேன். அவர்களுக்கும் என் ஆசைதான். நான் எங்கள் தூத்துக்குடி மீன்குழம்பு வைத்தேன். வங்காளி அக்கா கடுகு அரைத்து ஒன்று. மலையாளத்து அக்கா தேங்காய்ப்பால் ஊற்றி ஒன்று. வயலைப் பார்த்து முகம் சுளித்த கமிட்டி, இலைமுன் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. மூன்றாம் முறை சோறு வாங்கிய தலைவர், "பஹுத் அச்சா, பாபிஜி!" என்றார். போட்டி நாட்களிலும் இதே சாப்பாடுதானே என்று இந்தியில் கேட்டார். "ஹாங் ஜி" என்று தலையாட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

போட்டி எங்களுக்கே கிடைத்தது. எட்டு அணிகள், நான்கு நாட்கள். சமையல் கொட்டகைக்கு அந்தப் பக்கம் விசிலும் கூச்சலும். இந்தப் பக்கம் நாங்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். கோல் விழுந்தால் யார் போட்டது என்றுகூடத் தெரியாது. மூன்றாம் நாள் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், "இன்னைக்கு ஒண்ணு பிடிச்சேன் பாரு, நீ பாத்திருக்கணும்" என்றார். கரண்டியை அவர் தலையில் போடாமல் விட்டதே பெரிய விஷயம்.

கடைசி நாள் இறுதி ஆட்டம், எங்களுக்கும் ஹேவ்லாக்குக்கும். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் விறகை வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினேன்.

"சலோ" என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சேலையில் கையைத் துடைத்தபடி எல்லோரும் வரப்பில் போய் வரிசையாக நின்றோம்.

சும்மா சொல்லக் கூடாது, அரைக்கால் சட்டையில் அழகாகத்தான் இருந்தார். உயரமாக ஒரு பந்து வந்தது. நிஜமாகவே பாய்ந்து பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தை உதைத்துவிட்டுத் திரும்பியவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, சோறு என்னாச்சு?" என்று கோலிலிருந்தே கத்தினார்.

அதற்குள் போன பந்து திரும்பி வந்து, அவர் காலருகே உருண்டு உள்ளே போய்விட்டது.

அந்த ஒரே கோலில் கோப்பை ஹேவ்லாக்குக்குப் போனது. ஹேவ்லாக்காரர்களைவிட நாங்கள்தான் பலமாகக் கைதட்டினோம்.