கந்தசட்டியில் அகப்பட்ட சாண்டர்

காலை ஏழு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது அவருடைய நெற்றி: மூன்று கோடு திருநீறு, நடுவில் சந்தனம். பிறகுதான் முழங்கால்வரை ஏறிய ரப்பர் சப்பாத்தையும் கையிலிருந்த தூண்டில் தடியையும் கவனித்தேன். பிராங்பேர்ட்டில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த அண்ணை, கந்தசட்டி விரதத்தின் ஆறாம் நாளன்று, மீன்பிடிக்கப் புறப்பட்டு நின்றார். நான் தேநீர்ப் போத்தலுடன் வழமையாகக் கூடப் போகிறவன்.

அவருடைய மனைவி, எனக்கு அக்கா, படிக்கட்டில் நின்று விளக்கம் சொன்னார். "வீட்டில நிண்டா குசினியில சட்டியளைச் சுத்திக்கொண்டு நிப்பார், தம்பி. ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கயெண்டா ஒண்டும் அகப்படாது."

அது அவதூறு அல்ல. வசந்தத்தில் தூண்டில் அனுமதி எடுத்ததிலிருந்து அண்ணை மைன் நதியில் குறிவைத்தது ஒரே மீனைத்தான். சாண்டர்: முதுகில் முள்விசிறியும் கண்ணாடி போன்ற கண்ணும் உள்ள ஆற்றுமீன். ஒன்றுகூடக் கரையேறவில்லை.

விரதத்திலும் அவருடைய வரலாறு அப்படித்தான். விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையல்கூடத்தில் வேலை. முந்திய வருடங்களில் மூன்றாம் நாளே பொரித்த கோழியிடம் தோற்றுவிடுவார். இந்த முறை லீவு போட்டு, பாலும் பழமுமாக ஆறாம் நாள்வரை வந்துவிட்டார். மாலையில் கோயிலில் சூரன்போர். அதுவரை ஓர் உயிரைக் கொல்லாமல் இருந்தால், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அக்கா நம்ப மறுத்த ஒரு காரியம் நடந்துவிடும்.

அண்ணை யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்தவர். ஓடுகிற தண்ணீரில்தான் மீன் ஓடும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே எப்போதும் நடு ஆற்றுக்கே எறிவார். கொக்கியில் மாட்டிய ரப்பர் மீன் அடியைத் தொடுமுன் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். சாண்டரோ அடியில் கிடக்கும் மீன்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் பரீட்சையில் தேறாமல் தூண்டில் அனுமதி கிடைக்காது. ஆறு வேகமாக ஓடும்போது சாண்டர் எங்கே ஒதுங்கும் என்ற கேள்வி அவருக்கு வந்ததாம். கல் மறைவில், வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற ஓரத்தில் என்று சரியாகவே குறித்திருக்கிறார். பிறகேன் நடு ஆறு என்று ஒருமுறை கேட்டேன்.

"அது சோதினைக்கு, தம்பி," என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை. ஆறு பழுப்பு நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. அண்ணை நடு ஆற்றைப் பார்த்தார். இவ்வளவு ஓட்டத்தில் மீன் நிச்சயம் இருக்கும் என்று கவலைப்பட்டார். விரதக்காரனுக்கு அது ஆபத்தான இடம். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கற்கட்டின் பின்புறம் தண்ணீர் கிட்டத்தட்ட நின்றது. அங்கே ஒரு காய்ந்த இலை வட்டமடித்து, வந்த பக்கமே திரும்பிப் போனது. இதற்குள் ஒன்றும் இராது என்று திருப்தியாகச் சொல்லி, வெள்ளத்துக்கென்று வாங்கிய கனத்த ஈயத்தை மாட்டி, ஓட்டத்தின் விளிம்பை ஒட்டி இறக்கினார்.

ஈயம் அடியில் தட்டியது. அந்த வருடத்தில் அதுவே முதல் தடவை. சும்மா தடியை உயர்த்தினார், தாழ்த்தினார். மறுபடி உயர்த்தியபோது தடி வளைந்தது.

"முருகா," என்றார். வேண்டுதலா முறைப்பாடா என்று பிரித்தறிய முடியவில்லை.

அனுமதி இல்லாத என் கையில் தடியைத் திணிக்கப் பார்த்தார். நான் தேநீர்ப் போத்தலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அவரே சுற்றி, வலையில் ஏந்தினார். என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்துப் பார்த்தால் வால் வெளியே நிற்கும்.

குறித்த அளவைவிடச் சின்ன மீனென்றால் ஆற்றில் விடவேண்டும். பெரிதென்றால் திருப்பி விடக்கூடாது. அந்த இடத்திலேயே அடித்துக் கொன்று சமைக்கக் கொண்டுபோக வேண்டும். இதுவும் சோதினையில் வந்ததுதான். அண்ணை ஆற்றின் மேற்பக்கம் பார்த்தார், கீழ்ப்பக்கம் பார்த்தார். தொலைவில் ஒரு நாயும் அதைக் கூட்டிவந்த கிழவியும் மட்டும்.

"சின்னன்," என்றார்.

நான் தேநீர் ஊற்றத் தொடங்கினேன்.

"சின்னன்தானே, தம்பி?"

"சோதினை எழுதினது நீங்கள்தானே, அண்ணை."

கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் சற்றுப் பிடித்திருந்து, பிறகு கையை விட்டார். அது கற்கட்டின் ஓரத்துக்கே திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் ஏதும் அகப்பட்டதா என்று அக்கா பேச்சுக்குக் கேட்டார். அண்ணை இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார். ஒரு சாண் இருக்கும். மீன்பிடிக்கிற ஒருவர் கைகளை இவ்வளவு ஒடுக்கிக் காட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அளந்தனீங்களோ?"

"ஓம், ஓம். அளக்காமல் விட ஏலாது."

அன்று மாலை சூரன்போரில் அவர் முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்ற அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

மறுநாள் அவருடைய தூண்டில் பெட்டியைக் கெல்லரில், கட்டிடத்தின் நிலவறையில், வைக்க நான் எடுத்துப்போனேன். அளவுநாடா மூடியின் உட்புறப் பையில், கடை உறை பிரிக்கப்படாமல் இருந்தது.