வரிசை எண் நாற்பத்தொன்று

அவள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மாணவியாகச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. சேர்ந்த விஷயம் மறுநாள்தான் அவளுக்கே தெரிந்தது.

அதற்கு முன் மூன்று வருடங்களாக அந்த உயர்நிலைப் பள்ளியில் அவள் துணையாளர் வேலை பார்த்துவந்தாள். எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க, பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்படும் பிள்ளைகள் சிலர் உண்டு. அந்தப் பக்கத்து ஆள் அவள். பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு ‘அக்கா’ என்றே பெயர். அவளைவிட எட்டு வயது மூத்த தலைமையாசிரியைக்கும் அவள் அக்காதான். இங்கே வருவதற்கு முன் பதினாலு வருடம் பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தொடுதிரையை நட்ட பிறகு, எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், பொறுமை இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

அந்த வருடம் அவள் பொறுப்பில் இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நெட்டையாக வளர்ந்த பெண். மணிச் சத்தம் தாங்காது என்பதால் காதில் நீல நிறக் காதுமூடி. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். “புத்தகத்துல கண்ண வை” என்று ஆசிரியர் சொன்னால், குனிந்து வலது கண்ணைப் பக்கத்தின் மேல் ஒட்டவைத்து அப்படியே இருப்பாள். “இத மண்டையில ஏத்திக்கோ” என்றால் நோட்டு தலைக்கு மேல் போய்விடும். அக்காவின் வேலை, ஆசிரியர் வாயைத் திறந்ததுமே அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்து, “கவனமா படிக்கச் சொல்றாரு”, “ஞாபகம் வெச்சுக்கச் சொல்றாரு” என்று கிசுகிசுப்பது. பள்ளி விதிகள் அச்சிட்ட சிறு புத்தகம் எப்போதும் அந்தப் பெண்ணின் பையில் இருக்கும். முப்பத்திரண்டு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். ஆசிரியர்கள் தங்களுக்குள் அவளைச் ‘சட்டம்’ என்று கூப்பிட்டார்கள். அது அவள் காதுக்கும் போயிற்று. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கல்வி அலுவலகம் அந்த வருடம் வருகைப்பதிவை எல்லாம் கணினிக்கு மாற்றியது. ‘சிறப்பு ஆதரவு: பெயர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆதரவு பெறுகிறவர் பெயரா, கொடுக்கிறவர் பெயரா என்று அதில் சொல்லவில்லை. பள்ளி கிளார்க் எச்சரிக்கையான மனிதர். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பெயரையும் போட்டார். கணினி இரண்டு பேரையும் மாணவியாகச் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் வகுப்பாசிரியரான கணக்கு வாத்தியார் வருகைப்பதிவு எடுத்தபோது, நாற்பதோடு நிற்க வேண்டியது நாற்பத்தொன்றுக்குப் போயிற்று. பெயரைப் படித்துவிட்டு அவர் பேனாவோடு காத்திருந்தார். பட்டியலில் உள்ள பெயருக்குப் பதில் வராமல் அடுத்த வேலைக்குப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

“அக்கா, உங்க நம்பர்” என்றாள் சட்டம். “எழுந்து ‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லணும். பக்கம் நாலு.”

அக்கா எழுந்து சொன்னாள். வாத்தியார் குறித்துக்கொண்டார்.

இடைவேளையில் நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை எடுக்கச் சொன்னாள். கிளார்க் அரைமணி நேரம் கணினியோடு மல்லுக்கட்டிவிட்டுத் தலையைத் தூக்கினார். ஒரு மாணவரின் பெயரை நீக்க அது மூன்று காரணங்களைத்தான் ஒத்துக்கொள்கிறதாம்: வேறு பள்ளிக்கு மாற்றம், படிப்பு முடிந்தது, மரணம்.

“மூணுல உங்களுக்கு எது வசதிப்படும், அக்கா?” என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

தலைமையாசிரியையிடம் போனால், அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எண்ணிக்கை ஏற்கெனவே மேலே போய்விட்டது, இப்போது குறைத்தால் ஒரு பிள்ளை எங்கே என்று கேட்டு ஆள் வருவார்கள், ஒரு இரண்டு வாரம் மாணவியாக இருந்துவிடு என்றார். அந்த இரண்டு வாரம் எப்போது முடியும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அதோடு விட்டதா என்றால் இல்லை. ஆதரவு தேவைப்படும் மாணவி, ஆனால் துணையாளர் இல்லை என்று தினமும் காலையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வந்தது. தலைமையாசிரியைக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. எட்டாவது நாள் அக்காவுக்கு ஒரு துணையாளரைப் போட்டுவிட்டார். பணி ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. ஆக, கடைசி பெஞ்சில் சட்டம், அவள் பக்கத்தில் அக்கா, அக்கா பக்கத்தில் நர்ஸம்மா என்று வரிசை அமைந்தது. நர்ஸம்மா ஸ்வெட்டர் பின்னுவார். மதியத்துக்கு மேல் கண் அசந்துவிடுவார். அவர் தலை சரிந்தால் சட்டம்தான் எட்டி, அவர் கையிலிருக்கும் ஊசியைப் பத்திரமாக வாங்கி வைப்பாள்.

கணக்கு வாத்தியார் கெட்டவர் இல்லை. பட்டியலில் இருப்பவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கணக்கு நோட்டுகளைக் கேட்டார். அக்காவிடம் நோட்டே இல்லை. வெளியே போய் நில்லுங்கள் என்றார். அவள் போய் வராந்தாவில் நின்றாள்.

அடுத்த நிமிடம் சட்டம் எழுந்து வெளியே வந்தாள். துணையாளர் மாணவியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பக்கம் பதினெட்டு. அக்கா வெளியே, நான் உள்ளே என்றால் விதி மீறல் என்று வாத்தியாரிடம் விளக்கிவிட்டுத்தான் வந்தாள். அதே பதினெட்டாம் பக்கம் நர்ஸம்மாவுக்கும் பொருந்தும் என்று அவரையும் எழுப்பிக் கூட்டி வந்திருந்தாள். நர்ஸம்மா ஒரு ஸ்டூலோடு வந்தார். சத்துணவுப் பாத்திரம் கழுவ வந்தவர்களும், கடிதம் கொண்டுவந்தவரும், சுற்றிப் பார்க்க வந்த இரண்டு பெற்றோரும் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினாள்.

அரையாண்டு முடிந்ததும் பாதுகாவலர் வரவேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் எதையும் படிப்பது அவள் கணவர்தான். லிஃப்ட் மெக்கானிக். கடிதத்தைப் படித்தவர், கேலியாக எதுவும் சொல்லவில்லை. அரை நாள் விடுப்பு போட்டு, சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் போனார். மற்ற அப்பா அம்மாக்களோடு ஒரு மணி நேரம் குட்டிப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்.

மாலையில் வந்தவர் காலைக்கூடக் கழுவவில்லை. அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

“கணக்கு சுமாராம். அது பரவாயில்ல” என்றார். “ஆனா கிளாஸ்ல ஓயாம பக்கத்துப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே இருக்கியாம். எனக்கு அங்க தலை நிமிர முடியல.”

“என் வேலையே பேசுறதுதாங்க.”

“நானும் சொன்னேன். எல்லாப் பெத்தவங்களும் இப்படி ஒரு காரணம் சொல்வாங்கன்னு வாத்தியார் சிரிக்கிறாரு.”

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் முகம் தெளியவில்லை. அவள் மறுநாளிலிருந்து இன்னும் தணிந்த குரலில் கிசுகிசுத்தாள்.

தை மாத வாக்கில் கல்வி அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வந்தார். பட்டியலில் உள்ள சிறப்பு ஆதரவுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் சோதித்து, யாருக்கு என்ன தேவை என்று எழுதித் தருகிறவர். அக்கா உள்ளே போனதுமே தான் மாணவி இல்லை என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தன்னிடம் பதினொரு பேர் கொண்ட பட்டியல் இருப்பதாகவும், பதினொரு பேரைப் பார்த்ததாக எழுத வேண்டும் என்றும், பார்க்காமல் பார்த்ததாக எழுத மனம் வராது என்றும் சொல்லி, நாற்காலியைக் காட்டினார். ஒரு பத்தியை நீட்டி வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

“கண்ணாடி கொண்டு வரல, சார்” என்றாள். இது அவளுக்குக் கைவந்த பதில். வங்கியிலும் மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் அவளை எத்தனையோ தடவை காப்பாற்றிய பதில்.

பரிசோதகர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். அதில் விதவிதமான பவரில் பதினாறு கண்ணாடிகள் இருந்தன. “எது சரியா இருக்கோ போட்டுக்கோங்க” என்றார்.

தப்பிக்க வழியில்லை. மூன்றாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் வரியிலேயே மரத்தடி ‘மாத்தடி’ ஆயிற்று. ரகரமும் துணைக்காலும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே நிற்கும். ஒரு வரியின் கடைசியிலிருந்து அடுத்த வரிக்குப் போனால் எந்த வரி என்று தெரியாமல் தடுமாறும். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றதும், படிப்பு ஏறவில்லை என்று அப்பா அவளை நிறுத்தியதும் இதனால்தான். பேருந்து நிலையத்தில் ஊர்ப் பலகைகளை எழுத்தைப் பார்த்து அல்ல, நிறத்தையும் நீளத்தையும் வைத்தே அடையாளம் வைத்திருந்தாள். பதினாலு வருடத்தில் ஒரு பயணியைக்கூடத் தப்பான வண்டியில் ஏற்றிவிட்டதில்லை. இங்கேயும் ஆசிரியர் வாயால் சொல்வதைத்தான் பிடித்துக்கொள்வாள்; புத்தகத்தில் சந்தேகம் வந்தால் சட்டத்தையே சத்தமாகப் படிக்கச் சொல்லிவிடுவாள்.

பரிசோதகர் ஒன்றேகால் மணி நேரம் படங்களும் எழுத்துகளும் காட்டிக் கேள்வி கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

“உங்க அறிவுல ஒரு குறையும் இல்ல. எழுத்தப் பார்க்கிற விதம்தான் உங்களுக்கு வேற” என்றார். “இது பிறவியிலேயே இருக்கிறது. யாராவது முன்னமே சொல்லியிருக்கணும்.”

போன வாரம்தான், படிக்க வரவில்லை என்று வராந்தாவில் அழுதுகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இதே வாக்கியத்தை அவளே சொல்லியிருந்தாள். ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு என்று நினைத்துத்தான் அப்போது சொன்னாள். இப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய சாப்பாட்டு டப்பாவை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள்.

வீட்டில் கணவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. கண்ணாடி கண்ணாடி என்று சொன்னதெல்லாம் பொய் என்று ஆரம்பித்தாள். அவர் ஸ்குருடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்” என்றார். “கண்ணு தெரியலங்கிறவ எப்படி ஒரே தடவையில ஊசிக்கு நூல் கோக்கிறான்னு கல்யாணமான புதுசுலயே யோசிச்சேன்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“நீ சொல்வேன்னு இருந்தேன்.” ஸ்குருடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் உனக்குப் படிச்சுக் காட்டுறது பிடிச்சிருந்துச்சு” என்றார்.

இருபத்திரண்டு வருடம் அவளுக்குத் தெரியாமல் அவர் காத்திருந்திருக்கிறார். அன்று சாப்பாடு பத்து நிமிடம் தாமதமாயிற்று.

பரிசோதகரின் பரிந்துரை பள்ளிக்கு வந்தது: பெரிய எழுத்தில் வினாத்தாள், வரிக்கு அடியில் வைக்க அட்டை, மேலே போட்டுப் படிக்கப் பச்சைக் கண்ணாடித்தாள், கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள். கணக்கு வாத்தியார் அதை நோட்டில் ஒட்டிவைத்து அட்சரம் பிசகாமல் செய்தார். வெளியே நிறுத்திய அதே மனிதர், அவளுக்கு மட்டும் கணக்குகளைக் கையால் பெரிதாக எழுதி முந்தின நாளே கொடுத்தார். அட்டையை வைத்தால் வரிகள் அடங்கி நின்றன. ஒரு பிற்பகல் அவள் ஒரு பாடம் முழுக்கத் தானாகவே படித்து முடித்துவிட்டு, நம்பாமல் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

ஆண்டுத் தேர்வு. பெயர் இருக்கும்போது எழுதாவிட்டால் பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையும் என்று தலைமையாசிரியை கெஞ்சினார். கெஞ்சியிருக்கத் தேவையில்லை, அவள் ஏற்கெனவே பேனா வாங்கிவிட்டாள். நூலகத்தின் பின்னறையில் சட்டத்துக்கும் அவளுக்கும் தனி இடம் ஒதுக்கினார்கள். அங்கே ஒரு சிக்கல். கேள்வியை நர்ஸம்மா அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். சட்டத்துக்கோ சத்தம் கூடாது. இரண்டுமே எழுத்தில் கொடுத்த பரிந்துரை. கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். அலுவலகம் ‘இரண்டையும் பின்பற்றவும்’ என்று பதில் அனுப்பியது. கடைசியில் நர்ஸம்மாதான் ஒரு பெரிய சார்ட்டைச் சுருட்டிக் குழாய் ஆக்கினார். ஒரு முனை அவர் வாயில், மறுமுனை அக்காவின் காதில். மூன்று மணி நேரமும் அந்த வழியாகத்தான் கேள்விகள் வந்தன. முதல் கேள்வி முடிந்ததும் சட்டம் காதுமூடியைக் கழற்றிச் சோதித்துப் பார்த்து, “சத்தம் அளவா இருக்கு, எழுதலாம்” என்று அனுமதி தந்தாள்.

சட்டம் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். அக்கா எல்லாப் பாடத்திலும் தேறினாள், கணக்கில் முப்பத்தெட்டு. கணக்கு வாத்தியார் இரண்டு பேர் நோட்டிலும் ‘நன்று’ என்று எழுதினார். கோடை விடுமுறையில் கணினிக்குப் புதுப் பதிப்பு வந்தது. தவறாகச் சேர்த்த பெயரை நீக்க அதில் ஒரு பொத்தான் இருப்பதாகக் கிளார்க் ஓடிவந்து சொன்னார். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்றாள் அக்கா. “விதிப்படி அது சரியா?” என்று அவர் தயங்க, சட்டம் புத்தகத்தை விரித்து, பெரியவர்கள் படிக்கக் கூடாது என்று முப்பத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை என்று காட்டினாள்.

பத்தாம் வகுப்பில் சட்டம் முதல் தடவையிலேயே தேறி மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். அக்காவுக்குக் கணக்கு இழுத்துவிட்டது. மறுதேர்வில் எழுதி எடுத்தாள். இப்போது மறுபடி துணையாளராக மட்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்கிறாள்.

சான்றிதழைக் கூடத்துச் சுவரில் மாட்டும் வேலையைக் கணவர் தானே எடுத்துக்கொண்டார். மரச் சட்டம் போட்டு, லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடும் போல்ட்டு நான்கைச் சுவரில் இறக்கி முறுக்கினார். இரண்டு வருடம் கழித்து வீடு மாற வேண்டிவந்தபோது அதைக் கழற்ற முடியவில்லை. சுவரே பெயர்ந்து வரும்போல் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லி வேறு நகல் வாங்கிக்கொண்டாள். பழைய வீட்டுக்குக் குடிவந்த குடும்பம், யாரென்றே தெரியாத ஒருத்தியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் கீழே உட்கார்ந்து இன்றைக்கும் சாப்பிடுகிறது. வருகிறவர்கள் யாரென்று கேட்டால், குடும்பத்தில் படிச்சவங்க என்று சொல்லிவிடுகிறார்களாம்.